கண்ணீர்ப் பைக்கு மூக்கினுள் ஒரு புது வாசல்: எண்டோஸ்கோப் டிசிஆர் அறுவையின் பின்னணி

கண்புரை அறுவைக்கு நாள் குறித்துக்கொண்டு வரும் முதியவரின் இமையோரத் துளையில் முனை மழுங்கிய ஊசி ஒன்றை நுழைத்து, சிரிஞ்சால் உப்புநீரைச் செலுத்திப் பார்க்கிறார்கள். நீர் தொண்டைக்கு இறங்கி உப்புக் கரித்தால் அவர் அடுத்த சோதனைக்குப் போகலாம். இறங்காமல், மேல் இமைத் துளை வழியாகச் சளி கலந்து திரும்பி வந்தால், 'டக்ட் அடைப்பு இருக்கிறது, முதலில் டிசிஆர் செய்ய வேண்டும்' என்று சீட்டில் எழுதிவிடுகிறார்கள். பல இடங்களில் அந்தச் சீட்டு காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகிறது. கண்ணில் நீர் வடிவதற்கு மூக்கு மருத்துவர் எதற்கு, புரை அறுவை ஏன் தள்ளிப்போகிறது, எலும்பை எடுப்போம் என்கிறார்களே அது எந்த எலும்பு என்ற கேள்விகளோடு வீடு திரும்புகிறவர்கள் பலர்.

'கண்ணீர்க் குழாய் அடைப்பை எடுக்கும் ஆபரேஷன்' என்று பேச்சு வழக்கில் சொல்வதே குழப்பத்தின் வேர். இந்த அறுவையில் அடைப்பை யாரும் எடுப்பதில்லை. அடைபட்ட குழாய் அடைபட்டபடியே கிடக்க, அதற்கு மேலே உள்ள கண்ணீர்ப் பையிலிருந்து மூக்கினுள் நேராக ஒரு வாசல் திறக்கப்படுகிறது. டாக்ரியோசிஸ்டோரைனாஸ்டமி என்ற நீண்ட பெயரின் பொருளும் அதுவே: கண்ணீர்ப் பையை மூக்கோடு இணைத்து வாய் வைத்தல். டிசிஆர் என்பது அதன் சுருக்கம். அடைப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று மருத்துவர்கள் அத்தனை சோதனைகள் செய்வதும், எலும்பைத் தாராளமாக எடுப்பதும், திறந்த வாசல் மூடிவிடாமல் பல வாரங்கள் காவல் காப்பதும் இந்த ஒரு விஷயத்திலிருந்தே கிளைக்கின்றன.

கண்ணீர் போகும் வழி

கண்ணீர்ச் சுரப்பி கண்ணின் வெளிப்புற மேல் மூலையில் இருக்கிறது. வடிகாலோ எதிர்ப்புறத்தில், மூக்கை ஒட்டிய உள்மூலையில் தொடங்குகிறது. கண்ணாடி முன் நின்று கீழ் இமையை மெல்ல வெளியே இழுத்தால், உள்மூலைக்கு அருகே சிறு மேட்டின் உச்சியில் ஒரு புள்ளி தெரியும். அதுதான் கண்ணீர்த் துளை. அதன் விட்டம் ஏறக்குறைய 0.3 மி.மீ. மேல் இமையிலும் ஒன்று உண்டு.

ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு நுண்குழல் புறப்படுகிறது. முதல் 2 மி.மீ. செங்குத்தாகச் சென்று, பிறகு திரும்பி 8 மி.மீ. கிடையாக ஓடுகிறது. பெரும்பாலோருக்கு மேல், கீழ் நுண்குழல்கள் இரண்டும் ஒன்று சேர்ந்து பொதுக்குழலாகிக் கண்ணீர்ப் பையின் பக்கவாட்டில் திறக்கின்றன. பை சுமார் 12 முதல் 15 மி.மீ. உயரம் கொண்டது. அதன் அடிப்பகுதி குறுகி, மேல்தாடை எலும்புக்குள் ஓடும் குழாயாக மாறி, மூக்கின் பக்கச்சுவரிலிருந்து நீளும் எலும்பு மடிப்புகளில் ஒன்றான கீழ்ச்சுருளுக்கு அடியில் போய் முடிகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும், கண்ணில் விட்ட சொட்டு மருந்து சற்று நேரத்தில் தொண்டையில் கசப்பதும் இந்த வழி திறந்திருப்பதால்தான்.

கண்ணீர் தானாகச் சரிந்து இறங்குவதில்லை. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இமையைச் சுற்றியுள்ள தசை நுண்குழல்களை அழுத்தி, பிறகு விடுகிறது. அந்த அழுத்தலும் தளர்வும் சேர்ந்து சிறு கைப்பம்பு போல நீரை உறிஞ்சித் தள்ளுகின்றன. முகவாதம் வந்தவருக்குக் குழாயில் அடைப்பே இல்லாமல் கண்ணீர் வழிவது இந்தப் பம்பு ஓய்ந்துவிடுவதால் நேர்கிறது.

அறுவை மருத்துவருக்கு முக்கியமானது பை உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழி. அதன் முன்பாதி மேல்தாடை எலும்பின் மேல்நோக்கிய நீட்சி, அது தடித்தது. பின்பாதி கண்ணீர் எலும்பு, அது காகிதம் போல மெல்லியது. இந்த எலும்புச் சுவருக்கு மறுபுறம் மூக்கின் உட்புறம். அதாவது பைக்கும் மூக்குக்கும் இடையே இருப்பது ஒரு சுவர் மட்டுமே. டிசிஆர் என்பது அந்தச் சுவரில் திறக்கும் கதவு.

எங்கே அடைகிறது, எதனால்

பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் அடைப்பு தனி வகை. குழாய் மூக்கில் முடியும் இடத்தில் உள்ள மெல்லிய சவ்வு பிறக்கும்போது திறக்காமல் இருந்துவிடுவதே பெரும்பாலும் காரணம். குழந்தையின் கண் எப்போதும் ஈரமாக இருக்கும், காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும். உள்மூலையில் விரலை வைத்துக் கீழ்நோக்கி அழுத்தி நீவும் மசாஜைத் தவறாமல் செய்துவந்தால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் சரியாகிவிடுகிறது. ஆகாவிட்டால், மயக்கம் கொடுத்து மெல்லிய கம்பியை உள்ளே செலுத்தி அந்தச் சவ்வைத் திறந்துவிடுகிறார்கள். குழந்தைக்கு டிசிஆர் தேவைப்படுவது அரிது.

'குழந்தைக்குக் கம்பி விட்டே சரியாகிறதே, பெரியவருக்கு மட்டும் ஏன் எலும்பை எடுக்க வேண்டும்?' என்று கேட்பது நியாயமே. குழந்தைக்கு இருப்பது ஒரு திரை, குத்தினால் கிழியும். பெரியவருக்குக் குழாயின் உட்சுவரே நாள்பட்ட அழற்சியால் தடித்து, வடுத்திசுவாக மாறி, நீளவாக்கில் ஒட்டிப்போயிருக்கும். அதில் கம்பியை விட்டால் வழி திறந்தது போலத் தோன்றும், ஆனால் புண்பட்ட வடு மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். எனவே முழு அடைப்பு உள்ள பெரியவருக்குக் கம்பி செலுத்துவது நிலையான தீர்வாவதில்லை.

பெரியவர்களுக்கு வரும் அடைப்பில் பெரும்பகுதி தெளிவான தனிக் காரணம் இல்லாதது. நடுவயதைக் கடந்த பெண்களிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது. எலும்புக் குழாய் பெண்களுக்குச் சற்றுக் குறுகலாக இருப்பது ஒரு விளக்கமாகச் சொல்லப்படுகிறது. மற்ற காரணங்கள் பல: விபத்தில் மூக்கெலும்பு நொறுங்குதல், முந்தைய சைனஸ் அறுவை, சார்காய்டோசிஸ் போன்ற அழற்சி நோய்கள், தைராய்டு புற்றுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின், பைக்குள் திரளும் கற்கள், அரிதாகக் கட்டி. மார்பகப் புற்றுக்குத் தரப்படும் டோசிடாக்செல் என்ற மருந்து பெரும்பாலும் நுண்குழல்களையே சுருக்கிவிடுகிறது. அடைப்பு பைக்கு மேலே இருப்பதால் அந்த நோயாளிகளுக்கு வழக்கமான டிசிஆர் மட்டும் போதாமல் போகலாம்.

தமிழ்நாட்டின் தென்மாவட்டங்கள், கேரளம், இலங்கை ஆகிய பகுதிகளின் மருத்துவர்கள் நினைவில் வைத்திருக்கும் இன்னொரு காரணம் ரைனோஸ்போரிடியோசிஸ். தேங்கிய குளம், ஊருணி நீரில் குளிப்பதோடு தொடர்புடைய இந்தத் தொற்று மூக்கில், சிலருக்குக் கண்ணீர்ப் பையில், சிவந்த சதையாக வளர்கிறது. அதன் மேற்பரப்பில் வெண்புள்ளிகள் தெரியும், தொட்டாலே குருதி கசியும். பையில் இந்த நோய் இருக்கிறதென்று தெரிந்தால் வாசல் திறப்பதை விட்டுவிட்டு, பையை முழுதாக அகற்றுவதையே பெரும்பாலான மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

அறுவைக்கு முன் விடை காண வேண்டிய கேள்விகள்

1. நீர் மிகுதியாகச் சுரக்கிறதா, வடியாமல் தேங்குகிறதா? கண் உலர்வு உள்ளவருக்கும் நீர் வழியும். வறண்டு உறுத்தும் கண் அவ்வப்போது நீரைக் கொட்டுவதே அதற்குக் காரணம். உள்நோக்கி வளர்ந்த இமைமுடியும், வெளியே மடிந்த கீழ் இமையும் இதே தொல்லையைத் தரும். இவர்களுக்கு டிசிஆர் செய்தால் வாசல் நன்றாகத் திறந்திருக்கும், கண்ணீரும் வழிந்துகொண்டே இருக்கும்.

2. பையை அழுத்தினால் என்ன வருகிறது? உள்மூலைக்குக் கீழே விரலால் அழுத்தும்போது துளை வழியாகச் சளியோ சீழோ எதிர்த்து வந்தால், அடைப்பு பைக்குக் கீழேதான் என்பது ஏறக்குறைய உறுதி. கருவி எதுவும் தேவைப்படாத இந்தச் சோதனை சொல்லும் சேதி மிகப் பெரிது.

3. சாயம் எவ்வளவு நேரம் நிற்கிறது? இரு கண்களிலும் ஃபுளோரசீன் என்னும் மஞ்சள் சாயத்தை ஒரு சொட்டு விட்டு, 5 நிமிடம் கழித்துப் பார்க்கிறார்கள். வடிகால் நன்றாக இருக்கும் கண்ணில் சாயம் மங்கியிருக்கும், அடைபட்ட கண்ணில் இமையோரம் மஞ்சளாகத் தேங்கி நிற்கும்.

4. சிரிஞ்சிங் என்ன சொல்கிறது? தொடக்கத்தில் சொன்ன உப்புநீர்ச் சோதனை இதுதான். நீர் இறங்கியதா இல்லையா என்பதோடு இது முடிந்துவிடுவதில்லை. எங்கிருந்து, எப்படி, எதோடு திரும்பியது என்பதிலிருந்தே அடைப்பின் இடம் தெரிகிறது. கீழ்த் துளையில் செலுத்திய நீர் அதே துளை வழியாகப் பீச்சியடித்தால் கீழ் நுண்குழலில் அடைப்பு. மேல் துளை வழியாக உடனே தெளிவாக வந்தால் பொதுக்குழலை ஐயப்பட வேண்டும். சற்றுத் தாமதித்து, பை நிரம்பிய பிறகு, சளித்திரிகளோடு மேல் துளையில் வந்தால் பை நன்றாக இருக்கிறது, அதற்குக் கீழே குழாய் அடைபட்டிருக்கிறது என்று பொருள். டிசிஆர் அறுவைக்கு உகந்தவர் இந்தக் கடைசி வகையினர்.

5. கம்பி எங்கே தட்டுகிறது? நுண்குழலில் செலுத்திய மெல்லிய கம்பி பைக்குள் போய் அதன் உட்சுவருக்குப் பின்னுள்ள எலும்பில் கெட்டியாகத் தட்டினால் நுண்குழல்கள் திறந்திருக்கின்றன. ரப்பரில் முட்டியது போல மெத்தென்று நின்றால் அடைப்பு பைக்கு முன்னரே இருக்கிறது. இந்த வேறுபாடு மருத்துவரின் விரலுக்குத் தெரிவது. எந்த ஸ்கேனும் அதை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடாது.

6. மூக்கினுள் இடம் இருக்கிறதா? ஒளியும் லென்ஸும் கொண்ட மெல்லிய குழலான எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டு, நடுத்தட்டு வளைந்திருக்கிறதா, சதை வளர்ச்சி உண்டா, நடுச்சுருள் பருத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தட்டு வளைவு வழியை மறைத்தால் அதே அமர்விலேயே அதையும் நேராக்கிக்கொள்வது வழக்கம்.

எல்லோருக்கும் சிடி ஸ்கேன் தேவையில்லை. பழைய எலும்பு முறிவு, முந்தைய அறுவை, கட்டி என்ற ஐயம் ஆகியவை இருந்தால் அது இன்றியமையாதது. கண்ணீரில் குருதி கலந்து வருவதும், உள்மூலைத் தசைநாருக்கு மேலே கெட்டியான வீக்கம் தெரிவதும் கட்டிக்கான எச்சரிக்கைகள். சாதாரண அடைப்பால் வரும் வீக்கம் பொதுவாக அந்த நாருக்குக் கீழேயே நிற்கும்.

வெளியிலிருந்து உள்ளே: வழி மாறிய வரலாறு

1904இல் இத்தாலிய மருத்துவர் அடேயோ டோட்டி மூக்கோரத் தோலைக் கீறி, எலும்பை எடுத்து, பையை மூக்கோடு இணைக்கும் முறையை விவரித்தார். 1921இல் பிரான்ஸின் டுப்புய்-டுதாம், பூர்கே ஆகிய இருவரும் பையின் சவ்வையும் மூக்கின் சவ்வையும் ஒன்றோடொன்று வைத்துத் தைக்கும் திருத்தத்தைச் சேர்த்தனர். வெளிவழி டிசிஆர் இன்றும் பெரும்பாலும் அந்த வடிவிலேயே செய்யப்படுகிறது.

மூக்கு வழியாகப் போகலாம் என்ற எண்ணம் அதைவிடப் பழையது. கால்டுவெல் என்ற அமெரிக்க மருத்துவர் 1893இலேயே அதை முயன்றுவிட்டார். ஆனால் நெற்றி விளக்கொளியில், குறுகிய இருண்ட பொந்துக்குள், குருதிக்கு நடுவே எதையும் தெளிவாகப் பார்க்க முடியாததால் அந்த வழி கிட்டத்தட்டக் கைவிடப்பட்டது. ஹெரால்டு ஹாப்கின்ஸ் வடிவமைத்த தண்டு லென்ஸ் எண்டோஸ்கோப்பு சைனஸ் அறுவையில் பரவிய பிறகே, 1989இல் மெக்டோனோ, மெய்ரிங் ஆகியோர் எண்டோஸ்கோப் டிசிஆர் முறையை வெளியிட்டனர்.

பின்னும் ஒரு சிக்கல் மிஞ்சியிருந்தது. மூக்கின் நடுச்சுருள் பக்கச்சுவரில் வந்து சேரும் கக்கத்துக்குக் கீழேதான் பையின் பெரும்பகுதி இருக்கிறதென்று நம்பி, அங்கே மட்டும் சிறு துளை போட்டுவந்தார்கள். மூக்கு அறுவை மருத்துவர் பீட்டர்-ஜான் வோர்மால்டும் உடன் ஆய்வு செய்தவர்களும் பையில் சாயம் செலுத்தி எடுத்த சிடி படங்களை அளந்து 2000இல் வெளியிட்டபோது, பை அந்தக் கக்கத்துக்கு மேலே சராசரியாக 8 மி.மீ.க்கும் அதிகமாக எழுகிறது என்பது தெரியவந்தது. பழைய முறையில் பையின் மேற்பாதி திறக்கப்படாமலே இருந்திருக்கிறது. பொதுக்குழல் வந்து சேர்வது அந்த மேற்பகுதியில் என்பதை எண்ணிப் பார்த்தால், முந்தைய தோல்விகள் பலவற்றுக்குக் கருவியைவிடக் கணக்குப் பிழையே காரணம் என்று கொள்ளத் தோன்றுகிறது.

அறுவை மேசையில்

1. குருதியைக் கட்டுப்படுத்துதல். எண்டோஸ்கோப் அறுவையின் முதல் எதிரி குருதிதான். லென்ஸில் ஒரு சொட்டு பட்டால் திரை முழுவதும் சிவந்துவிடும். அதனால்தான் அட்ரினலினில் நனைத்த பஞ்சுத்திரிகளை மூக்கில் வைத்துச் சவ்வைச் சுருங்கவைப்பது, நடுச்சுருளின் கக்கத்தில் அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் ஊசி போடுவது, மேசையின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துவது, மயக்க மருத்துவர் இரத்த அழுத்தத்தைத் தாழ்வாக வைத்திருப்பது என்று இத்தனை ஏற்பாடு. முழு மயக்கமே பரவலான வழக்கம். முதியவர்களுக்கும் இதயநோய் உள்ளவர்களுக்கும் மரத்துப்போகும் ஊசியோடு மட்டும் செய்வதும் உண்டு.

2. சவ்வை மடித்தல். கக்கத்துக்கு 8 முதல் 10 மி.மீ. மேலே கிடையாக ஒரு கீறல். அதன் முன்முனையிலிருந்து கீழே இறங்கும் இன்னொரு கீறல். கீழ்ச்சுருளின் மேல்விளிம்பருகே பின்னோக்கித் திரும்பும் மூன்றாவது. இவற்றுக்கு இடைப்பட்ட சவ்வை எலும்பிலிருந்து உரித்துப் பின்பக்கமாகத் திருப்பி வைக்கிறார்கள். அதை வெட்டி எறிந்துவிடுவதில்லை, கடைசியில் அதற்கு வேலை இருக்கிறது.

3. எலும்பை எடுத்தல். தடித்த எலும்பும் மெல்லிய எலும்பும் சேரும் கோட்டைக் கருவியின் முனையால் தடவிக் கண்டுபிடித்து, மெல்லியதைப் பெயர்த்து, அந்த இடைவெளியில் கெரிசன் பஞ்ச் எனப்படும் கடிக்கும் கருவியின் உதட்டை நுழைத்து, தடித்த எலும்பைத் துண்டு துண்டாகக் கடித்து எடுக்கிறார்கள். மேலே போகப்போக எலும்பு தடிக்கும், ஒரு கட்டத்தில் கருவியின் வாய் அதைக் கவ்வ மறுக்கும். பாதி அறுவைகள் தோற்கும் இடமும் இதுதான் என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம், ஆனால் அங்கே நிறுத்திவிடும் ஆசையே பெரிய ஆபத்து. வைரத்தூள் முனை கொண்ட டிரில்லாலோ, மீயொலிக் கருவியாலோ மீதியைத் தேய்த்து எடுக்க வேண்டும். பையின் முழு உயரமும் நீலச்சாயல் படர்ந்த பளபளப்பான சவ்வாக வெளிப்பட்ட பிறகே அடுத்த படி.

4. பையைத் திறத்தல். இமைத் துளை வழியாகச் செலுத்திய மெல்லிய கம்பி பைக்குள் வந்து அதன் உட்சுவரை மூக்குப் பக்கமாகக் கூடாரம் போல் உப்பவைக்கிறது. உள்ளே கம்பியின் முனை அசைவது சவ்வின் வழியே தெரிந்தால்தான் அது பை. தெரியாவிட்டால் கத்தியை வைக்கக் கூடாது. உப்பிய இடத்தில் மேலிருந்து கீழாக ஒரே கீறல். நாள்பட்ட அடைப்பானால் கெட்டியான சளியோ சீழோ அந்தக் கணமே மூக்கினுள் வழியும், சில வேளைகளில் ஒரு கல்லும் உருண்டு வரும். பிறகு கீறலின் இருபுறச் சவ்வையும் திறந்த புத்தகம் போல முன்னும் பின்னும் விரித்து, மூக்குச் சுவரோடு படிய வைக்கிறார்கள். பை தனியறையாக இருந்த நிலை மாறி மூக்குச் சுவரில் ஒரு மாடம் ஆகிவிடுகிறது.

5. சரிபார்த்தல். பொதுக்குழலின் வாய் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கம்பி எலும்பு விளிம்பில் உரசாமல் கிடையாக வெளியே வர வேண்டும். தட்டினால் மேலே இன்னும் எலும்பு இருக்கிறது என்று பொருள். ஒதுக்கி வைத்த மூக்குச் சவ்வை இப்போது அளவாகக் கத்தரித்து, பையின் சவ்வோடு விளிம்பு சேருமாறு விரிக்கிறார்கள். எலும்பு வெற்றாக நின்றால் அதன் மேல் வடுச்சதை வளர்ந்து வாசலை அடைக்கும் என்பதே இந்தக் கவனத்துக்குக் காரணம்.

இந்த நேரம் முழுவதும் நோயாளியின் கண் துணியால் மூடப்படாமல் திறந்தே இருக்கும். பைக்குப் பின்னால் இருப்பது கண்குழி. ஐயம் வரும்போது உதவியாளர் கண்விழியை மெல்ல அழுத்துவார். மூக்கினுள் மஞ்சள் கொழுப்பு அசைந்தால் எல்லை தாண்டிவிட்டதென்று தெரிந்து, அந்த இடத்தைத் தொடாமல் விலகிவிட வேண்டும். கொழுப்பை இழுப்பதே பெரிய சேதத்துக்கு வழிவகுக்கும்.

அளவுகளைப் பார்த்தால் இத்தனை பிடிவாதம் ஏன் என்று விளங்கும். வெளிவழி டிசிஆர் செய்துகொண்டவர்களை 1980களில் அளந்து பார்த்தபோது, அறுவையில் ஏறக்குறைய 12 மி.மீ. அகலத்துக்குத் திறக்கப்பட்ட வாசல் ஆறி முடிந்ததும் சராசரியாக 2 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருந்தது. கண்ணீர் வடிய அது போதும். ஆனால் தொடக்கத்திலேயே சிறிதாகத் திறந்துவிட்டால் சுருங்கிய பிறகு ஒன்றும் மிஞ்சாது. நேர்த்தியான சிறு துளை போட்ட லேசர் டிசிஆர் முறைகள் எலும்பைத் தாராளமாக எடுக்கும் முறைகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனதற்கும் இதுவே முக்கியக் காரணம். லேசர் என்ற சொல்லுக்கு விளம்பரத்தில் இருக்கும் மவுசு இந்த அறுவையில் செல்லாது.

டியூபும் மைட்டோமைசினும்

அறுவை முடிவில் மெல்லிய சிலிக்கோன் டியூபை இரு இமைத் துளைகளின் வழியாகச் செலுத்தி மூக்கினுள் முடிச்சிடுவது பரவலான வழக்கம். கண் உள்மூலையில் அது மெல்லிய கண்ணாடி இழை போலத் தெரியும். சில வாரங்களிலிருந்து மூன்று மாதம் வரை வைத்திருந்துவிட்டு, வெளிநோயாளிப் பிரிவிலேயே உருவிவிடுகிறார்கள். நுண்குழல் குறுகலாக உள்ளவருக்கும் மறு அறுவைக்கு வந்தவருக்கும் அதன் பயன் தெளிவு. நுண்குழல்கள் நன்றாக இருந்து முதல் முறையாக அறுவை செய்துகொள்கிறவருக்கு டியூப் வைப்பதால் வெற்றி விகிதம் கூடுகிறது என்று ஒப்பீட்டு ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. எனவே ஒரு மருத்துவர் டியூப் வைத்தார், இன்னொருவர் வைக்கவில்லை என்பதை வைத்து யாருடைய திறமையையும் எடைபோட வேண்டியதில்லை.

மைட்டோமைசின் என்ற மருந்தில் நனைத்த பஞ்சைச் சில நிமிடம் வாசலில் வைப்பது வடு வளர்வதைத் தடுக்க. இதுவும் பெரும்பாலும் மறு அறுவைகளில் பயன்படுகிறது.

எந்த வழி யாருக்கு

தேர்ந்தவர் செய்தால் வெளிவழி, எண்டோஸ்கோப் வழி இரண்டும் ஏறத்தாழ 90 சதவீத வெற்றியைத் தருகின்றன. எண்டோஸ்கோப் வழியில் முகத்தில் தழும்பு இல்லை, இமைத் தசையின் பம்பு தொடப்படுவதில்லை, மூக்கின் கோளாறையும் அதே அமர்வில் சரிசெய்யலாம். பையில் சீழ்க்கட்டி பழுத்துச் சிவந்து வலிக்கும் நிலையில், வெளியே கீறினால் ஆறாத புரையோடும் துளை விழக்கூடும் என்பதால் வெளிவழி அறுவையைத் தள்ளிவைப்பார்கள். மூக்கின் வழியாகத் திறந்தால் சீழை வடிக்கவும் வாசல் வைக்கவும் ஒரே அறுவையில் முடிகிறது. வெளிவழிக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. கட்டி இருக்குமோ என்ற ஐயம் எழும்போது பையை நேரடியாகப் பார்த்துச் சதைத்துண்டு எடுக்க அதுவே பாதுகாப்பு.

நுண்குழல்கள் இரண்டுமே அழிந்துபோனவருக்குப் பையில் வாசல் வைத்துப் பயனில்லை, நீர் பைக்கே வராது. அவர்களுக்குக் கண் மூலையிலிருந்து மூக்குக்கு நேராக ஒரு சிறு கண்ணாடிக் குழாய் பொருத்தும் ஜோன்ஸ் டியூப் முறை இருக்கிறது. அதை ஆயுள் முழுதும் பராமரிக்க வேண்டும்.

ஆபத்துகளைச் சொல்வதானால், சில நாள் மூக்கில் குருதிக்கசிவு, சுருளும் நடுத்தட்டும் ஒட்டிக்கொள்ளுதல், வாசலில் சதைமுளை, டியூப் வெளியே நழுவி வளையமாகத் தொங்குதல் ஆகியவை அவ்வப்போது நேர்பவை. கண்தசைக் காயமும் மூளைநீர்க் கசிவும் மிக அரிது. குருதி உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிறுத்துவதா, எத்தனை நாள் என்பதை இதய மருத்துவரோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும், தாமாக நிறுத்திவிடக் கூடாது.

அறுவைக்குப் பின்

முதல் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் சொட்டு மருந்தும் தொடரும். டியூப் நழுவினால் இழுக்காமல், கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் வர வேண்டும். சிலருக்கு மூக்கைச் சிந்தும்போது கண் மூலையில் காற்று புஸ்ஸென்று வரும். அது பயத்தைத் தந்தாலும், வாசல் திறந்திருக்கிறது என்பதன் அடையாளம்.

மறுவருகைகளில் கண்ணில் சாயம் விட்டு, எண்டோஸ்கோப்பில் மூக்கினுள் பார்க்கிறார்கள். நோயாளி இமைக்க இமைக்க, பொதுக்குழலின் வாய் திறந்து மூடி, மஞ்சள் நீர் சொட்டுச்சொட்டாக வருவதைத் திரையில் காணலாம். மறுபடி நீர் வழிகிறது என்று வருபவருக்கு இந்தச் சோதனை காரணத்தைப் பிரித்துக் காட்டும். வாசல் வடுவால் மூடியிருக்கலாம். கீழே எலும்பு மிஞ்சி, பையின் அடிப்பகுதி தொட்டி போலச் சளியைத் தேக்கிக்கொண்டிருக்கலாம். வாசல் நன்றாக இருந்து, இமையின் பம்பு மட்டும் வேலை செய்யாமலும் இருக்கலாம். முதல் இரண்டையும் மறு அறுவையில் சரிசெய்ய முடியும்.

புரை அறுவை காத்திருப்பது எதற்கு

நீர் தேங்கும் பை கிருமிகளின் கிடங்கு. பையில் சீழ் இருக்கும்போது புரை அறுவை செய்தால், கண்விழியில் போட்ட கீறல் வழியாகக் கிருமி உள்ளே போய்ப் பார்வையையே பறிக்கும் உட்கண் தொற்றை உண்டாக்கலாம். புரையை ஓரிரு மாதம் தள்ளிப்போடுவதால் பெரும்பாலும் இழப்பொன்றும் இல்லை, உட்கண் தொற்று வந்துவிட்டாலோ பார்வையை மீட்பது கடினம். டிசிஆர் செய்து, சிரிஞ்சிங்கில் நீர் தடையின்றி இறங்குகிறது, சீழ் இல்லை என்று உறுதியான பிறகே புரைக்கு நாள் குறிக்கிறார்கள்.

மிகவும் தளர்ந்த முதியவருக்கு இன்னொரு தேர்வும் முன்வைக்கப்படலாம். டிசிடி என்று சீட்டில் எழுதப்படும் அந்த அறுவையில் வாசல் திறப்பதில்லை, பையையே எடுத்துவிடுகிறார்கள். நேரம் குறைவு, ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தே முடித்துவிடலாம், கிருமிக் கிடங்கும் ஒழிகிறது. ஆனால் கண்ணீர் போக வழி இராது. வயதால் கண்ணீர் குறைந்துவிட்டவருக்கு அது பெரிய தொல்லையாவதில்லை, மற்றவர்களுக்குக் கண் வழிந்துகொண்டேதான் இருக்கும். சீட்டில் இருப்பது டிசிஆரா டிசிடியா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் நோயாளியின் வீட்டார் கேட்டுக்கொள்ள வேண்டியது இதனால்தான்.